மண் படாத ஜெர்சி

கடுக்காப்பட்டு, ஜவ்வாது மலை
3 மார்ச் 2025

அன்புள்ள ஜெனிலா,

நீ என் நம்பரை பிளாக் செய்து பத்து மாதம் ஆகிறது. போனில் திட்டு வாங்கும் பாக்கியம்கூட எனக்கு இல்லாததால் காகிதத்தில் வருகிறேன். கிழித்துப் போடுவதானாலும் கடைசி வரி வரை படித்துவிட்டுக் கிழி. இதை உன் சிநேகிதியாக எழுதவில்லை. அந்த உரிமை இன்னும் மிச்சமிருக்கிறதா என்று தெரியாது. கடுக்காப்பட்டுப் பெண்கள் கால்பந்து அணியின் கேப்டனாக, ஊர்க்கவுண்டர் சொல்லி எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் மார்தட்டிக்கொள்கிறேன். கோப்பை மலைக்கு வந்துவிட்டது! போளூர் மைதானத்தில் வேலூர் அணியை ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தோம். ஒன்பது வருஷமாக நம்மைப் பார்த்து, "சாமை திங்கிற பொண்ணுங்க, மூச்சு மட்டும் இருக்கு, ஆட்டம் இல்ல" என்று சிரித்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். கோப்பையைச் சரக்கு வண்டியில் வைத்து, கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் ஹாரன் அடித்துக்கொண்டு ஏறினோம். ஊரில் அதில் பானகம் கரைத்து ஆளுக்கொரு வாய் குடித்தார்கள். எனக்கு வரும்போது தீர்ந்துவிட்டது. அதிலும் பெருமைதான்.

இப்போது விஷயம். போன மே மாதம் மூன்று வெளியூர்ப் பெண்களை அணியில் சேர்த்தோம். வேலூர் அபிநயா முன்னால் ஆடுகிறவள், பதினோரு கோல் போட்டாள். அமிர்தியில் வனத்துறை நாற்றங்காலில் வேலை செய்யும் ரேணுகாதேவி இடதுபக்க பேக், தடுத்து ஆடுகிறவள். மூன்றாவது, படவேட்டு கிருபாவதி, கோல்கீப்பர். அடுத்த வருஷத்திலிருந்து ஓர் அணிக்கு ஒரே ஒரு வெளியூர் ஆள்தான் என்று போட்டி நடத்துகிறவர்கள் சட்டம் போட்டுவிட்டார்கள். யாரால் அணிக்கு அதிக நன்மை என்று பார்த்து ஒருத்தியை வைத்துக்கொள்ள வேண்டும். மார்ச் முப்பத்தொன்றுக்குள் பெயர் கொடுக்க வேண்டும்.

ஊர்க்கூட்டத்தில் அடிதடி ஆகாத குறை. கடைசியில் கவுண்டர், "புளியமரத்த மதிக்கிற மாதிரி மதிச்சிடலாம்" என்று முடித்துவிட்டார். எட்டு வருஷம் இங்கே ஆடியும் நீ அதைப் பார்த்ததில்லை, அந்த மாதத்தில் நீ கீழே இருப்பாய். இரண்டு பேர் மரத்தடியில் நிற்பார்கள். எத்தனை மூட்டை காய்க்கும் என்று நினைக்கிறார்களோ அத்தனை கல்லை ஆளுக்கொரு கையில் மூடிக்கொண்டு ஒரே நேரத்தில் திறப்பார்கள். ஒத்துப்போனால் அதுதான் மதிப்பு. ஒத்துப்போகாவிட்டால் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடி மூடலாம், ஒரே ஒரு முறை. அப்போதும் ஒத்துப்போகாவிட்டால் அந்த மரத்தை அந்த வருஷம் யாருக்கும் குத்தகைக்கு விடுவதில்லை. இங்கேயும் அப்படித்தான். கல் இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மூன்று பேரும் போகவேண்டியதுதான்.

மதிப்பவர்களில் ஒருத்தி கேப்டன். இன்னொருத்தி அணியைவிட்டுக் கடைசியாக விலகியவள். அவளுக்கு யாரிடமும் ஆகவேண்டியது ஒன்றுமில்லையே.

அது நீதான், ஜெனிலா. 15ஆம் தேதி ஆளுக்கொரு பெயரை எழுதி, கவரை ஒட்டி, பஸ் கண்டக்டர் ரங்கன் அண்ணனிடம் கொடுக்க வேண்டும். உன்னுடையது மேலே வரும்போது என்னுடையது கீழே வரும்.

சிவசங்கரி

*

சந்தவாசல்
6 மார்ச் 2025

கேப்டன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. வெற்றிக்கு வாழ்த்துகள்.

வேறு ஆளைப் பாருங்கள். நான் ஒரு மேட்ச்கூடப் பார்க்கவில்லை. மருந்துக்கடையில் எனக்கு லீவு கிடையாது.

அதோடு, உங்களுக்கு மறந்திருக்கலாம். போன வருஷம் பிப்ரவரியில் அரையிறுதியில் என் மணிக்கட்டு உடைந்தது. மே மாதம், கையில் வைத்த கம்பியை எடுப்பதற்கு முன்பே, எனக்குப் பதிலாகப் புதுக் கீப்பரை எடுத்தீர்கள். எடுத்ததில் தப்பில்லை. உடைந்த கையோடு யார் கீப்பிங் செய்ய முடியும்? ஆனால் எட்டு வருஷம் உங்களுக்குப் பின்னால் நின்றவளுக்கு அதை நேரில் வந்து சொல்ல ஒரு பஸ் டிக்கெட் எடுக்க உங்களால் முடியவில்லை. கடையில் ஒருவருக்கு இருமல் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது ரங்கன் அண்ணன் வந்து, "உங்க டீமுக்குப் புது கீப்பராமே, தெரியுமா?" என்றார். சிரித்துக்கொண்டே, "தெரியுமே" என்றேன்.

என் இடத்தில் நின்றவளுக்கு என்னையே மார்க் போடச் சொல்கிறீர்கள். ஊர்க்கவுண்டருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு.

யோசனை ஒன்று மட்டும் சொல்கிறேன். அபிநயாவை எந்த அணியும் கொத்திக்கொண்டு போகும், அவளைப் பற்றிக் கவலை வேண்டாம். ரேணுகாதேவியைக் குறைத்து எடை போடாதீர்கள். காலிறுதியில் கணுக்கால் சுளுக்கியும் இரண்டாம் பாதி முழுக்க வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு ஓடியவள் அவள்.

இப்படிக்கு
இ. ஜெனிலா

*

கடுக்காப்பட்டு
9 மார்ச் 2025

ஜெனிலா,

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாயே!

ரேணுகா சுற்றியிருந்தது வெள்ளைத் துணி என்று உனக்கு யார் சொன்னது? அது செய்தித்தாளில் வரவில்லை. யாரும் வீடியோ எடுக்கவில்லை. ரங்கன் அண்ணனைப் பிடித்து உலுக்கினேன். முதலில், "எனக்கு இன்னாமா தெரியும், நான் டிக்கெட் கிழிக்கிறவன்" என்றார். அப்புறம் மெதுவாக, "ஏழு மேட்சுக்கும் அந்தப் பொண்ணு என் வண்டியிலதான் போளூர் வந்துச்சு. துப்பட்டாவால மூஞ்ச மூடிக்கினு கோலுக்குப் பின்னாடி நின்னுக்கினு இருந்துச்சு. சொல்லாதீங்கண்ணான்னு மாதா பேர்ல சத்தியம் வாங்கிச்சு" என்று போட்டு உடைத்தார். பாவம், அவரைத் திட்டாதே.

ஏழு மேட்சும்! எனக்கு அழுகை வந்தது, சொல்லிவிடுகிறேன். நீ மருந்துக்கடை முதலாளியிடம் ஏழு பொய் சொல்லியிருப்பாய்.

ஆக, இந்த மலையிலும் அடிவாரத்திலும் உன்னைவிட நன்றாகப் பார்த்தவர் வேறு யாரும் இல்லை. கோலுக்குப் பின்னால் நின்று பார்த்தவள் நீ ஒருத்திதான். கவுண்டரிடம் சொல்லிவிட்டேன், நீதான் மதிப்பாய் என்று.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். அபிநயாவை வேலூரில் ஒரு கல்லூரி அணி கேட்கிறது. ரேணுகாவுக்கு நாற்றங்கால் வேலை இருக்கிறது, அங்கேயே ஞாயிற்றுக்கிழமை ஆடுவாள். கிருபாவதியின் வீட்டில் மட்டும், "ஒரு வருசம் ஆடியாச்சு. அந்த ஊரு மறுபடி கூப்ட்டா போ, இல்லன்னா கிளவுச கழட்டி வச்சிட்டு கரும்பு வெட்ட வா" என்று சொல்லிவிட்டார்களாம். ஊரில் அவள் பெயரை ஒருவரும் சொல்வதில்லை. "அவ இன்னா பண்ணா? சும்மாதான நின்னா" என்கிறார்கள். இதற்காக அவளைத் தேர்ந்தெடு என்று சொல்லவில்லை. மரத்தை மதிக்கும்போது மரத்தைத்தான் பார்க்க வேண்டும். தெரிந்துகொண்டு மதி, அவ்வளவுதான்.

சிவா

*

கடுக்காப்பட்டு
15 மார்ச் 2025

ஜெனிலாவுக்கு,

என் கல்: அபிநயா.

பதினோரு கோல். கால்பந்தில் ஜெயிப்பது கோலால்தான். இறுதிப் போட்டியில் அவள் போட்ட ஒரே கோல்தான் கோப்பையை மலைக்கு ஏற்றியது. இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

சிவசங்கரி, கேப்டன்

*

சந்தவாசல்
15 மார்ச் 2025

சிவாவுக்கு,

என் கல்: கிருபாவதி.

பெயரை முதலில் எழுதிவிட்டேன். காரணத்தை எழுத ஆரம்பித்தால் கை பின்வாங்கும் என்ற பயம்.

முதல் மேட்சுக்கு நான் எதற்கு வந்தேன் தெரியுமா? அவள் தோற்பதைப் பார்க்க. பந்து அவள் கைக்குள் புகுந்து வழுக்கிப் போவதைப் பார்க்க. அப்போது ஊரே, "ஜெனிலா இருந்திருந்தா" என்று சொல்வதைக் கேட்க. மாதாவே மன்னிக்கட்டும், ஆசையாகத்தான் வந்தேன்.

பந்தே வரவில்லை.

இரண்டாவது மேட்சிலும் வரவில்லை. என் பக்கத்தில் நின்ற ஓர் ஆள், "இந்தப் பொண்ணு இன்னா, சும்மா நின்னுக்கினு பேசிக்கினே கீது" என்றார். அப்போதுதான் அவள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டேன். தொண்ணூறு நிமிஷமும் வாய் மூடவில்லை. "சிவாக்கா, வலது பக்கம் ரெண்டடி! ரேணுகா, அவள உள்ள வுடாத, கோட்டுப் பக்கம் தள்ளு! அக்கா, பின்னாடி ஆளு!" நீ இரண்டடி நகர்ந்தாய். எதிரணிப் பெண்ணுக்கு வழி அடைபட்டது. அவள் பந்தைப் பின்னால் தட்டினாள். பார்த்தவர்களுக்கு அங்கே ஒன்றுமே நடக்கவில்லை. எனக்கு மட்டும் தெரிந்தது, அங்கே ஒரு கோல் பிறக்காமலே போய்விட்டது.

இறுதிப் போட்டியில் அந்தக் கார்னர் ஞாபகம் இருக்கிறதா? அதை அடிப்பதற்கு முன்னால் கிருபாவதி ரேணுகாவின் தோளைப் பிடித்து இழுத்துக் கம்பத்தின் ஓரம் நிறுத்தினாள். பந்து நேரே ரேணுகா தலைக்கு வந்தது, முட்டி வெளியே தள்ளினாள். எல்லாரும் ரேணுகாவுக்குக் கைதட்டினார்கள். கிருபாவதிக்கு யாரும் தட்டவில்லை. நான் தட்டினேன். துப்பட்டா விலகிவிட்டது, அதைக்கூடக் கவனிக்கவில்லை. அபிநயாவின் பதினோரு கோலில் ஆறு, கிருபாவதி கையால் ரேணுகாவுக்கு எறிந்த பந்தில் ஆரம்பித்தவை. நம்பாவிட்டால் அபிநயாவையே கேள்.

போன வருஷம் ஆறு மேட்சில் நம்மிடம் பதினாலு கோல் புகுந்தது. இந்த வருஷம் ஏழில் இரண்டு.

இனி எழுதப்போவதுதான் கஷ்டம். எட்டு வருஷம் நான் பறந்து பறந்து பிடித்தேன். மேட்ச் முடிந்தால் என் ஜெர்சி செம்மண்ணில் முக்கி எடுத்த மாதிரி இருக்கும். ஜனங்கள் தோளில் தூக்கினார்கள். அந்த மண்ணை நான் பதக்கம் மாதிரி சுமந்தேன். கிருபாவதியின் ஜெர்சி இறுதிப் போட்டி முடிந்தும் கடையில் வாங்கியது போலவே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றபோது உறைத்தது: நான் பறந்து பிடித்த பந்துகளில் பாதி, நான் வாயைத் திறந்திருந்தால் வந்தே இருக்காது. நான் மோசமான கீப்பர் இல்லை. நல்ல கீப்பர்தான், அந்தப் பெருமையை விடமாட்டேன். ஆனால் அவள் என்னைவிட நல்ல கீப்பர். இதை ஒரு கீப்பர் சொன்னால்தான் எடுபடும் என்பதால் நான் சொல்கிறேன்.

ஜெனிலா

*

சந்தவாசல்
17 மார்ச் 2025

சிவா,

உன் கவரைப் பிரித்தேன். நாலு வரி. கால்பந்தில் ஜெயிப்பது கோலால் என்று எனக்கே பாடம் எடுக்கிறாயா? ஒன்பது வருஷம் பேக் ஆடியவள் எழுதுகிற எழுத்தா இது?

உனக்குத் தெரியும். உனக்கு முன்னாலும் பின்னாலும் என்ன நடந்தது என்று என்னைவிட நன்றாகத் தெரியும். இரண்டடி நகர்ந்தவளே நீதானே! அவள் பெயரை எழுதினால் எனக்கு வலிக்கும் என்று அபிநயா பெயரை எழுதியிருக்கிறாய். எனக்காக இரக்கப்பட்டு ஒருத்தியைக் கரும்புத் தோட்டத்துக்கு அனுப்பப் பார்த்தாய். எனக்கு உடைந்தது கைதான். என்னை இந்த அளவுக்குச் சின்னவள் என்று நினைத்தாயே, போன மே மாதத்தைவிட இதுதான் அதிகம் வலிக்கிறது.

போய் மரத்தைச் சுற்றி வா. நெஞ்சில் கை வைத்து மறுபடி மூடு.

ஜெனிலா

*

கடுக்காப்பட்டு
20 மார்ச் 2025

ஜெனி,

மரத்தைச் சுற்றி வந்துவிட்டேன். என் கல்: கிருபாவதி. இரண்டு கையும் திறந்தாகிவிட்டது, கல் ஒன்றுதான். கவுண்டரிடம் உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன், "இந்தப் பொண்ணு மரத்தோட பாதைப் பக்கம் நிக்கல, பள்ளத்துப் பக்கம் போய் நின்னு பாத்திருக்கு" என்றார். புளி மதிக்கிறவர்கள் செய்கிற பெரிய தப்பு அதுதான். நடக்கிற பாதையிலிருந்து தெரிகிற கிளைகளை எண்ணிவிட்டுக் கல்லை மூடிவிடுவார்கள். காய் பிடித்துத் தொங்குவது பள்ளத்துப் பக்கமாக இருக்கும். ஊரே பாதையில் நின்று அபிநயாவை எண்ணிக்கொண்டிருந்தது. இப்போது கிருபாவதியின் பெயர் பட்டியலில் ஏறிவிட்டது. செய்தி சொல்ல நேற்று நானே படவேடு போனேன். இந்த முறை பஸ் டிக்கெட் எடுத்தேன்.

நீ சொன்னது சரி, நான் பொய்க் கல் மூடினேன். ஆனால் காரணம் நீ நினைத்தது மட்டும் இல்லை. உன் கடிதத்தில் ஒரு தப்பு இருக்கிறது, அதைத் திருத்தாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

வாயைத் திறக்கவில்லை என்று உன்மேல் பழி போட்டுக்கொள்கிறாய். நீ திறந்தாய். 2016இல் உன் முதல் மேட்சில் கிருபாவதி மாதிரியேதான் கத்தினாய். இருபது நிமிஷம். நான் திரும்பி வந்து எல்லார் முன்னாலும் என்ன சொன்னேன்? "கீழூர்க்காரி எங்களுக்குச் சொல்லிக் குடுக்க வந்துட்டியா? வாய மூடிக்கினு பந்தப் புடி." எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அதற்குப் பிறகு நீ கத்தவே இல்லை. எட்டு வருஷம் எங்கள் திமிருக்கு நீ மண்ணில் விழுந்து விழுந்து விலை கொடுத்தாய்.

ஒரே ஒரு முறை மறுபடி கத்தினாய், போன வருஷ அரையிறுதியில். பந்து மேலே வருகிறது, நீ முன்னால் பாய்கிறாய், "வுடு சிவா, என்னுது!" நான் விடவில்லை. துள்ளினேன். உன் கைமேல் விழுந்தேன். ஆஸ்பத்திரியில் உன் அப்பாவிடம், "கூட்டத்து சத்தத்துல கேக்கல மாமா" என்றேன். அவர் என் தலையைத் தடவி, "வுடும்மா, ஆட்டத்துல சகஜம்" என்றார்.

கேட்டது, ஜெனி. தெளிவாகக் கேட்டது. கீப்பர் சொல்லி நான் எதற்கு விடவேண்டும் என்ற வீம்பு. மே மாதம் உன் வீட்டுக்கு வராததும், முதல் கல்லில் கிருபாவதி பெயரை எழுதாததும் அதனால்தான். புதுக் கீப்பரைப் பற்றிச் சொல்ல வந்தால் இதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

கிருபாவதி வந்த முதல் நாள் பயிற்சியில், "அக்கா, வலது பக்கம் ரெண்டடி!" என்றாள். எல்லாப் பெண்களும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள், நான் என்ன சொல்லப் போகிறேன் என்று. எனக்கு உன் எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. நகர்ந்தேன். அன்றிலிருந்து எல்லாரும் நகர்ந்தார்கள். அவள் நல்ல கீப்பர்தான், கல்லை மாற்றமாட்டேன். ஆனால் அவள் பேச்சை நாங்கள் கேட்டது உன் கையை உடைத்த பிறகுதான்.

பெயர் ஏறியவளுக்கு ஜெர்சியைக் கையில் கொடுக்க வேண்டியது மதித்த இருவரில் கேப்டன் அல்லாதவள், அதாவது நீ. ஞாயிற்றுக்கிழமை, 30ஆம் தேதி. நீ வருவாயா என்று கேட்க எனக்கு முகம் இல்லை. நான் பஸ் நிற்கும் இடத்தில் நிற்பேன்.

சிவா

*

சந்தவாசல்
24 மார்ச் 2025

சிவா,

கேட்டிருக்கும் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். உன் கண் என்னைப் பார்த்தது. நீ சொல்வாய் என்று பதின்மூன்று மாதம் காத்திருந்தேன். கடைசியில் சொன்னாயே.

மன்னித்துவிட்டேன் என்று இன்றைக்கே எழுதினால் அது நான் மூடுகிற பொய்க் கல்லாகிவிடும். குளிர்காலையில் மணிக்கட்டு இன்னும் குத்துகிறது. அது நிற்கிற அன்றைக்குப் பார்க்கலாம். அப்பாவிடம் நீயே வந்து சொல். அவர் உன்னைத் திட்டமாட்டார், கறிக்குழம்பு ஊற்றுவார். அதுதான் உனக்குத் தண்டனை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். முதலாளியிடம் எட்டாவது பொய் சொல்லவில்லை. எங்கள் டீம் கோப்பை வாங்கிவிட்டது, போகவேண்டும் என்று உண்மையைச் சொல்லித்தான் லீவு கேட்டேன். 'எங்கள் டீம்' என்று வாயில் தானாக வந்துவிட்டது. எனக்குப் பெருமையாக இருக்கிறது, சிவா. நீங்கள் ஜெயித்ததில், அவள் ஆடியதில், அதைச் சரியாகப் பார்த்ததில், எல்லாவற்றிலும். யாரிடமும் சொல்லாமல் துப்பட்டாவுக்குள் வைத்திருந்த பெருமை, இனி மறைக்கப்போவதில்லை.

புது ஜெர்சி வாங்காதே. அரையிறுதியில் நான் போட்டிருந்த ஒன்றாம் நம்பர் என்னிடம்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கழற்றியதைச் செம்மண்ணோடு அப்படியே மடித்து பீரோவில் வைத்திருந்தேன். அம்மா எத்தனையோ முறை கேட்டும் துவைக்கக் கொடுக்கவில்லை.

நேற்று நானே துவைத்தேன். மூன்று தண்ணீர் மாற்றினேன். கொடியில் காய்ந்துகொண்டிருக்கிறது. அவளுக்குத் தோளில் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கும், பரவாயில்லை. அவள் அதில் மண் படாமல் ஆடட்டும். அவள் "ரெண்டடி" என்றால் நீ நகர்ந்துவிடு.

ஜெனி